ஒரே ஒரு சர்வர், ஐந்து வகை பேக்கப்: எதைத் தேர்ந்தெடுப்பது?

பேக்கப் தீர்வுகளை விற்பவர்களின் ஒப்பீட்டு அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக் இருக்கும். என்கிரிப்ஷன் உண்டு, டீடியூப்ளிகேஷன் உண்டு, கிளவுட் உண்டு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சர்வர் படுத்துவிட்ட அன்று கைகொடுக்குமா, கைவிடுமா என்பது இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. இந்த பேக்கப்பை யாருடைய பாஸ்வேர்டால் அழிக்க முடியும்? இதை எந்த இயந்திரத்தில், எவ்வளவு நேரத்தில் எழுப்ப முடியும்? புழக்கத்தில் உள்ள ஐந்து வழிகளையும் இந்த இரண்டிலும் உரசிப் பார்ப்போம்.

கணக்குப் போட வசதியாக ஒரு சர்வரை எடுத்துக்கொள்ளலாம். ஹைப்பர்-வி (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஓடும் ஒரே இயந்திரம், உள்ளே மூன்று விஎம், அதாவது மெய்நிகர் இயந்திரம். ஒன்றில் டொமைன் கன்ட்ரோலர் (அலுவலகத்தின் லாகின்களைச் சரிபார்ப்பது), இன்னொன்றில் எஸ்க்யூஎல் சர்வரில் 150 ஜிபி கணக்கு டேட்டாபேஸ், மூன்றாவதில் ஃபைல் ஷேர். மொத்தம் 2 டிபி. நாளொன்றுக்கு மாறுவது சுமார் 40 ஜிபி.

இரண்டு எண்கள் முதலில் வேண்டும். எவ்வளவு நேரத்து வேலை போனால் தாங்கும் என்பது ஆர்பிஓ. எவ்வளவு நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும் என்பது ஆர்டிஓ. முதலாளியிடம் கேட்டால் "ஒரு நிமிடம்கூடப் போகக்கூடாது" என்பார். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்: "காலையிலிருந்து போட்ட பில்களைத் தாளைப் பார்த்து மறுபடி ஏற்ற முடியுமா?" முடியும் என்றால் நான்கு மணி நேர ஆர்பிஓ போதும். ஆன்லைன் ஆர்டர் நேரடியாக டேட்டாபேஸில் விழுகிறது, தாளே கிடையாது என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவை மட்டும் எடுப்பது) தேவை. டேட்டாபேஸுக்கும் ஃபைல் ஷேருக்கும் ஒரே எண்ணைப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதில்தான் பணமும் வீணாகிறது.

ரெய்டு (ஒரு டிஸ்க் கெட்டாலும் தாங்கும் டிஸ்க் கூட்டு) இருக்கிறதே, ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகல்) இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்பவர்களுக்கு 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரில் உள்ளதை அழிப்பதாக நினைத்து ஓர் என்ஜினியர் முதன்மை சர்வரில் கட்டளையைப் போட்டுவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. தினசரி டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஃபைலாக எழுதியது) இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்க முயன்ற கருவி 9.2. அதனால் டம்ப் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. சோதனைச் சர்வருக்காக யாரோ கையால் எடுத்துவைத்த, ஆறு மணி நேரப் பழைய ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்து நிலையின் பதிவு) ஒன்று தற்செயலாக இருந்ததால் பிழைத்தார்கள். அதை நகலெடுக்கவும் மெதுவான டிஸ்க்கால் மணிக்கணக்கில் ஆனது. நிறுவனமே இதையெல்லாம் பகிரங்கமாக எழுதிவைத்தது. அந்த நேர்மைக்கு அந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

கழற்றி எடுத்துப் போகும் டிஸ்க்

மலிவான வழி. யூஎஸ்பி டிஸ்க் இரண்டு அல்லது மூன்று, விண்டோஸுடன் வரும் விண்டோஸ் சர்வர் பேக்கப். நொடிக்கு 120 எம்பி வேகத்தில் 2 டிபி ஏற நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுத்தடுத்த நாட்களில் மாறியது மட்டும் போகும்.

அழிப்பவர் யார் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்கை எந்த பாஸ்வேர்டாலும் அழிக்க முடியாது. ஆனால் கழற்றினால்தானே? மாற்றிவைக்கும் ஆள் விடுப்பில் போன வாரம் அதே டிஸ்க் செருகியபடியே கிடக்கும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) உள்ளே வந்ததும் விண்டோஸ் எடுத்துவைத்திருக்கும் நிழல் நகல்களை அழித்துவிட்டு, கண்ணில் பட்ட டிரைவ்களை எல்லாம் பூட்டும். செருகிய டிஸ்க்கும் அதில் ஒன்று.

தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. டிஸ்க்கை பேக்கப்புக்கு என்றே ஒதுக்கினால் விண்டோஸ் சர்வர் பேக்கப் அதை ஃபார்மேட் செய்து எக்ஸ்ப்ளோரரில் தெரியாமல் மறைத்துவிடும். உள்ளே வேறு ஃபைல் இருந்தால் போச்சு. டிஸ்க்குக்குப் பதிலாக நெட்வொர்க் ஷேரைக் காட்டினால் ஒரே ஒரு பிரதிதான் நிற்கும், ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது சர்வர் விழுந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்கள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும்) வகையைத் தவிருங்கள். முதல் சில பத்து ஜிபி பறக்கும். பிறகு வேகம் அதலபாதாளத்துக்குப் போகும். மூன்றாவது பிரதியாக இந்த வழி அருமை. இதை மட்டுமே நம்பியிருப்பது ஒரு மனிதரின் ஞாபகசக்தியை நம்பியிருப்பது.

உள்ளூர் பேக்கப் சர்வர் அல்லது என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி)

பெரும்பாலான நிறுவனங்களுக்குத் தூண் இதுதான். அதனால் இதில் சற்று நேரம் செலவிடலாம். வீயம், ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர், சினாலஜியின் ஆக்டிவ் பேக்கப் எல்லாம் இந்த வகையில் அடங்கும். முதலாவது உரிமத்துக்குப் பணம் கேட்கும், 10 இயந்திரங்கள் வரை இலவசப் பதிப்பும் உண்டு. மூன்றாவது அந்த நிறுவனத்தின் பொருத்தமான என்ஏஎஸ் மாடல் வாங்கினால் தனி உரிமம் இல்லாமல் வரும். ப்ராக்ஸ்மாக்ஸ் திறமூலம். ஆனால் அது ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ-யில் ஓடும் விஎம்களோடும் லினக்ஸ் கிளையன்ட்களோடும்தான் இயல்பாகப் பொருந்தும். நம் உதாரணத்தில் உள்ள ஹைப்பர்-விக்கு அது தோதுப்படாது.

மீட்பு வேகம் இதன் பலம். 1 கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி கிடைக்கும். 150 ஜிபி டேட்டாபேஸ் 23 நிமிடத்தில் வந்துவிடும், 2 டிபி முழுவதும் ஐந்து மணி நேரம். வீயம் போன்றவற்றில் விஎம்மை பேக்கப் கிடங்கிலிருந்தே நேரடியாக ஓடவிடும் வசதி உண்டு. சில நிமிடங்களில் லாகின் திரை வந்துவிடும். விளம்பரத்தில் சொல்லாதது என்னவென்றால், நான்கு சாட்டா டிஸ்க் போட்ட சின்னப் பெட்டியில் அந்த விஎம் நத்தை வேகத்தில்தான் ஊரும். டொமைன் கன்ட்ரோலர் தாராளமாக ஓடும். கணக்கு டேட்டாபேஸில் மாதக் கடைசி ரிப்போர்ட் போட்டால் திரை உறைந்து நிற்கும். எனவே கிடங்கில் எஸ்எஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வசதியை ஆர்டிஓ கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடம் எவ்வளவு? முதல் முழுப் பிரதி சுருங்கியபின் 1.3 டிபி என்று வைத்துக்கொண்டால், 30 நாள் மாற்றம் நாளுக்கு 40 ஜிபி வீதம் 1.2 டிபி. அதற்கு மேல் மாதாந்திரப் பிரதிகள் சில. சுமார் 4 டிபியில் அடங்கும், 8 டிபி பயன்படும் இடம் வாங்கினால் மூச்சு விடலாம். இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது. வீயம் கிடங்கின் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் ஆக இருந்து, ரீஃப்லிங்க் இயங்கும்படி ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். விண்டோஸ் என்றால் ஆர்இஎஃப்எஸ், 64 கேபி பிளாக். அப்போதுதான் வாராந்திர முழுப் பிரதிகள் ஒரே பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்ளும். சாதாரண இஎக்ஸ்டி4 ஷேரில் போட்டால் ஒவ்வொரு முழுப் பிரதியும் இன்னொரு 1.3 டிபியை விழுங்கும். இரண்டாவது மாதத்தில் டிஸ்க் நிரம்பியது என்று புகார் வருவதற்கு முக்கியக் காரணம் இது. ப்ராக்ஸ்மாக்ஸ் பயன்படுத்துவோர் வேறு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ப்ரூன் ஓடினால் பட்டியலிலிருந்து பழைய பிரதி மறையும், டிஸ்க்கில் இடம் வராது. இடத்தை விடுவிப்பது கார்பேஜ் கலெக்‌ஷன், அதுவும் 24 மணி நேரத்துக்கு மேல் தொடாத துண்டுகளை மட்டும்.

இப்போது பாஸ்வேர்டு கேள்வி. இந்த வகை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். நிர்வாக வசதிக்காக பேக்கப் சர்வரையும் டொமைனில் சேர்த்துவிடுவார்கள். டொமைன் அட்மின் கணக்கு தாக்குபவர் கைக்குப் போனால் பேக்கப்பும் அவர் கைக்குப் போகிறது. தாக்குபவர்கள் பேக்கப் சர்வரைத் தேடி அழித்துவிட்டுத்தான் பூட்டவே தொடங்குவார்கள். எனவே பேக்கப் சர்வர் டொமைனுக்கு வெளியே இருக்கட்டும், வேறெங்கும் இல்லாத கணக்கும் பாஸ்வேர்டும் இருக்கட்டும். வீயத்தின் கடினப்படுத்திய லினக்ஸ் கிடங்கில், குறித்த நாட்கள் முடியும்வரை பேக்கப் சர்வரே கேட்டாலும் ஃபைல் அழியாது. ப்ராக்ஸ்மாக்ஸில் பேக்கப் அனுப்பும் கணக்குக்கு டேட்டாஸ்டோர்-பேக்கப் என்ற பாத்திரம் மட்டும் கொடுங்கள். அதனால் எழுதவும் படிக்கவும் முடியும், ப்ரூன் செய்ய முடியாது.

இவ்வளவும் செய்துவிட்டு ஐபிஎம்ஐ கார்டை (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவுவது) அதே நெட்வொர்க்கில், பெட்டியுடன் வந்த பாஸ்வேர்டுடன் விட்டுவைப்பவர்கள் உண்டு. அந்த கன்சோலில் நுழைந்தவர் ரெய்டு வால்யூமையே அழிக்கலாம். அப்போது எந்த இம்யூட்டபிளிட்டியும், அதாவது அழிக்கவிடாத பூட்டும், பேசாது. வாசலுக்கு ஏழு பூட்டு, கொல்லைப்புறம் திறந்தவெளி.

நேராக கிளவுட்

சர்வரிலேயே ஒரு ஏஜென்ட், அது இணையம் வழியாக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (ஃபைல்களை வைக்கும் கிளவுட் கிடங்கு) அனுப்பும். ரெஸ்டிக் போன்ற திறமூலக் கருவியும் இதையே செய்யும். கட்டடமே எரிந்தாலும் பிரதி வேறிடத்தில் இருக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம்.

100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. தினசரி 40 ஜிபி ஒரு மணி நேரத்தில் போய்விடும், யாருக்கும் வலிக்காது. அதனால்தான் இந்த வழி எளிதாகத் தோன்றுகிறது. மீட்கும் நாளில் 2 டிபியை அதே குழாய் வழியாக இறக்க வேண்டும். தாளில் 44 மணி நேரம், நடைமுறையில் இரண்டே கால் நாள். பல சேவைகளில் வெளியே இறக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணமும் உண்டு. ஆர்டிஓ எட்டு மணி நேரம் என்று எழுதிவிட்டு இந்த ஒரு வழியை மட்டும் வாங்கினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. சில நூறு ஜிபி மட்டும் உள்ள சர்வருக்கு இது நியாயமான முதல் தேர்வு.

விலை குறைவு என்று ஆழ்ந்த குளிர் அடுக்குக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவில் வைத்ததை எடுக்கவே வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை, மலிவான முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். இறக்கும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாளுக்கான காசு போகும். 30 நாள் வைத்திருக்கும் தினசரி பேக்கப்பை அதில் போடுவது நஷ்டக் கணக்கு. வருடாந்திரப் பிரதிக்குப் பொருத்தம்.

அழிப்பதைத் தடுக்க ஆப்ஜெக்ட் லாக் உண்டு. இரண்டு முறைகள்: கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ். முதலாவதில் சிறப்பு உரிமை உள்ளவர் பூட்டை நீக்கலாம். இரண்டாவதில் கணக்கின் ரூட் பயனரே வந்தாலும் கெடு முடியும்வரை அழிக்க முடியாது. ரான்சம்வேருக்கு எதிராக நமக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஆனால் 30 நாள் என்று போட வேண்டிய இடத்தில் 3000 என்று விரல் தவறினால் எட்டு வருடத்துக்கு மேல் வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஒரு சின்ன பக்கெட்டில் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜின் ஒரு தனிப் பகுதி) ஒரு நாள் கெடு வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு நிஜத்தில் போடுங்கள்.

என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு தொலைந்தால் ரெஸ்டிக் களஞ்சியத்தை யாராலும் திறக்க முடியாது. அதைச் செய்த குழுவாலும் முடியாது. அந்த பாஸ்வேர்டை அதே சர்வரில் ஓடும் பாஸ்வேர்டு மேனேஜரில் சேமிப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது. தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வேறு கட்டடத்தில் வையுங்கள்.

கிளவுடில் சர்வரே ஓடுகிறது, பேக்கப் எதற்கு என்பவர்களும் உண்டு. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் எரிந்து அழிந்தது. பக்கத்துக் கட்டடமும் ஓரளவு சேதமானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு மீட்க ஒன்றும் மிஞ்சவில்லை. பேக்கப் எந்த வளாகத்தில் கிடக்கிறது என்று சேவை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டேப்

பத்து, இருபது டிபிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டியவர்களுக்கும். எல்டிஓ என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 கேட்ரிட்ஜ் ஒன்றில் சுருக்காமல் 18 டிபி பிடிக்கும், முழு உயர டிரைவ் நொடிக்கு 400 எம்பி வரை எழுதும். அந்த வேகத்துக்கு இணையாக டேட்டா வராவிட்டால் டேப் முன்னும் பின்னும் ஓடித் தேயும், எனவே நடுவில் வேகமான டிஸ்க் வேண்டும். புதிய எல்டிஓ-9 கேட்ரிட்ஜை முதல்முறை போடும்போது அளவீட்டுக்காக இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும், டிரைவ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது, பழைய டிரைவைத் தூக்கிப்போடும் முன் யோசிக்கவும். நம் 2 டிபி சர்வருக்கு டேப் தேவையில்லை.

ரெப்ளிகேஷன், டிஆர் (பேரிடர் மீட்பு) சேவை

இன்னொரு இயந்திரத்தில் விஎம்களின் பிரதி எப்போதும் தயாராக நிற்கும். விண்டோஸ் சர்வருடன் வரும் ஹைப்பர்-வி ரெப்ளிகா 30 நொடி, 5 நிமிடம், 15 நிமிடம் ஆகிய மூன்று இடைவெளிகளில் மாற்றங்களை அனுப்பும். மணிக்கு ஒன்று வீதம் 24 மீட்புப் புள்ளிகள் வரை வைத்திருக்கும். அஷ்யூர் சைட் ரிகவரி, அமேசானின் எலாஸ்டிக் டிசாஸ்டர் ரிகவரி ஆகியவை அதே வேலையைத் தங்கள் கிளவுடுக்குச் செய்யும். ஆர்டிஓ நிமிடக் கணக்கில் வேண்டுமென்றால் இதை விட்டால் வழியில்லை.

பேக்கப்புக்கு மாற்றாக இதைக் கொள்ளக் கூடாது. அழித்த டேபிள் 30 நொடியில் அங்கும் அழிந்துவிடும். 24 புள்ளிகள் என்பது ஒரு நாள்தான். வெள்ளிக்கிழமை இரவு பூட்டப்பட்ட ஃபைல் ஷேரைத் திங்கட்கிழமை காலையில் பார்த்தால் நல்ல புள்ளி ஒன்றும் இருக்காது.

ஃபெயில்ஓவர் (பிரதிக்கு மாறும்) பொத்தானை அழுத்தியதும் விஎம் எழுந்துவிடும். மாட்டுவது அதற்குப் பிறகு. வேறு நெட்வொர்க்கில் ஐபி மாறும், டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் (பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) ஒரு நாள் என்று இருந்தால் பயனர்கள் நாள் முழுக்கச் செத்த முகவரியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதை முன்கூட்டியே 300 நொடிக்குக் குறைத்துவையுங்கள். கணக்கு மென்பொருளின் உரிமம் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு அல்லது யூஎஸ்பி டாங்கிளோடு கட்டப்பட்டிருந்தால் அது திறக்காது. திரும்பப் பழைய இடத்துக்கு வருவது எப்படி என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. மூன்று நாள் கிளவுடில் ஓடியபின் அங்கே சேர்ந்த டேட்டாவை இங்கே கொண்டுவர வேண்டுமே.

எதை வாங்கினாலும் டேட்டாபேஸைக் கவனியுங்கள்

விஎம்மை வெளியிலிருந்து எடுத்த ஸ்னாப்ஷாட், மின்சாரம் திடீரென்று போன நிலைக்குச் சமம். விண்டோஸில் விஎஸ்எஸ் ரைட்டர்கள் (ஸ்னாப்ஷாட்டுக்கு முன் ஒவ்வொரு மென்பொருளையும் தயார்படுத்தும் பகுதிகள்) ஒத்துழைத்தால்தான் டேட்டாபேஸ் அமைதியான நிலையில் பதிவாகும். விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ் கட்டளையைப் போட்டு எல்லாமே ஸ்டேபிள் என்று வருகிறதா பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டு தீர்வுகள் தனித்தனியே லாக் பேக்கப் எடுத்தால் சங்கிலி இரண்டாகப் பிரிந்து, இரண்டில் எதை வைத்தும் முழுதாக மீட்க முடியாது. லாக் எடுப்பது ஒரே ஒருவராக இருக்கட்டும். லினக்ஸ் பக்கம், ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் டைரக்டரியை ஃபைல் ஃபைலாக நகலெடுத்தது பேக்கப் ஆகாது. பேஸ்பேக்கப் கருவியோடு வால் ஆர்கைவிங் (மாற்றப் பதிவுகளைத் தொடர்ந்து சேமிப்பது) வேண்டும்.

டொமைன் கன்ட்ரோலரையும் அலட்சியமாக விடாதீர்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் எல்லாம் அழிந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதை வைத்துத்தான் மற்றவற்றைக் கட்டினார்கள்.

நம் சர்வருக்கு என்ன?

ஆர்டிஓ ஆறு மணி நேரம் வரை தாங்கும் என்றால்: டொமைனுக்கு வெளியே ஒரு லினக்ஸ் பேக்கப் சர்வர், 8 டிபி, 14 நாள் இம்யூட்டபிள். அதிலிருந்து தினமும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு ஒரு பிரதி, கம்ப்ளையன்ஸ் முறையில் 30 நாள் பூட்டு. எஸ்க்யூஎல் லாக் 15 நிமிடத்துக்கு ஒன்று. எழுப்புவதற்கு இயந்திரம் வேண்டுமே? ஓய்வுபெற்ற பழைய சர்வரை விற்காமல் ரேம் மட்டும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வாங்க இரண்டு வாரம் ஆகும் என்றால் ஐந்து மணி நேர ரீஸ்டோர் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆர்டிஓ அரை மணி நேரம் என்றால் அந்தப் பழைய சர்வரிலேயே ஹைப்பர்-வி ரெப்ளிகாவை 5 நிமிட இடைவெளியில் ஓடவிடலாம். கிளவுட் டிஆர் சேவைக்கு மாதாமாதம் பணம் கட்டுவது, அலுவலகத்துக்கே போக முடியாத நிலையிலும் வேலை ஓடியாக வேண்டியவர்களுக்குத்தான்.

விற்பவரிடம் கேட்க ஒரு கேள்வி: சந்தா முடிந்த மறுநாள் பழைய பேக்கப்பிலிருந்து மீட்க முடியுமா? பதில் இழுபறியாக இருந்தால் அடுத்த பொருளைப் பாருங்கள்.

பணம் கட்டும் முன், சோதனைக் காலத்திலேயே நான்கு மீட்புகளைக் கடிகாரத்தோடு செய்து பாருங்கள். ஒரு ஃபைல். நேற்று பகல் 2:40 மணி நிலைக்கு டேட்டாபேஸ், மீட்டபின் டிபிசிசி செக்டிபி ஓட்டிப் பிழை இல்லை என்று உறுதி செய்வது உட்பட. மூன்றாவது, டொமைன் கன்ட்ரோலரோடு சேர்த்து எல்லா விஎம்களும், வெளித் தொடர்பு இல்லாத தனி ஸ்விட்சில். நிஜ நெட்வொர்க்கில் இரண்டாவது முறை அதே டொமைன் கன்ட்ரோலர் எழுந்தால் ரகளை ஆகிவிடும். நான்காவது, முழு ஹோஸ்டும் வேறு மாடல் இயந்திரத்தில்.

நான்காவதில்தான் உண்மை வெளிப்படும். மீட்பு யூஎஸ்பியில் ரெய்டு கார்டின் டிரைவர் இல்லாததால் டிஸ்க்கே தெரியாது. பழையது யூஇஎஃப்ஐ பூட் முறையிலும், புதியது லெகசி பயாஸ் முறையிலும் இருந்தால் பூட் ஆகாது. பூட் ஆனாலும் 0எக்ஸ்7பி என்று நீலத் திரை வந்தால் ஸ்டோரேஜ் டிரைவர் உள்ளே இல்லை என்று பொருள். எல்லாம் எழுந்தும் யாரும் லாகின் ஆக முடியவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் (டொமைனின் லாகின் சரிபார்ப்பு முறை) உள்ளே விடாது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி உறையில் இருக்கிறதா என்பதும் அன்றுதான் தெரியும்.

வாங்கியபின் தினமும் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண்: நேற்றைய பேக்கப்பின் அளவு. மின்னஞ்சல் வராத நாளைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 40 ஜிபி வரும் இடத்தில் ஓர் இரவு 900 ஜிபி வந்தால், யாரோ பெரிய ஃபோல்டரை ஏற்றியிருக்கலாம், அல்லது ஏதோ ஒன்று எல்லா ஃபைல்களையும் பூட்டிக்கொண்டிருக்கலாம். எது என்று தெரியும்வரை, பழைய பிரதிகளைத் தானாக அழிக்கும் ப்ரூன் வேலையை நிறுத்திவையுங்கள்.